“அம்மாவுக்குத் தெரியக்கூடாது டாக்டர்”: ரிப்போர்ட் யாருடையது?

கேள்வி | 3 செப்டம்பர் 2024, இரவு 9.40

அம்மாவுக்கு 61 வயது. வலது கன்னத்தின் உள்பக்கம் ஆறாத புண். சதை டெஸ்ட் எடுத்து, ரிப்போர்ட்டை அண்ணன் போய் வாங்கினார். ஸ்குவாமஸ் செல் கார்சினோமா, ஒரு வகைப் புற்றுநோய். அறுவை செய்துவிட்டு அப்புறம் கரண்ட் (கதிர்வீச்சு) வைக்கணுமாம். “அம்மாவுக்குத் தெரிஞ்சா அன்னிக்கே உயிரை விட்டுடும், வாய்ப்புண்ணுன்னே சொல்லி வைத்தியம் பார்ப்போம்” என்கிறார்கள் அண்ணனும் சித்தப்பாவும். டாக்டரிடமும் சொல்லிவிட்டார்கள், அவரும் தலையாட்டிவிட்டார். அம்மாவுக்கு மறதி கிடையாது, வீட்டுக் கணக்கு முழுக்க அவர் கையில்தான். இது சரியா? சட்டம் என்ன சொல்கிறது?

பதில் | 3 செப்டம்பர், இரவு 10.55

சரியில்லை. ரிப்போர்ட் உங்கள் அம்மாவுடையது. மகனிடம் முதலில் சொன்னதே விதிமீறல். டாக்டர் தலையாட்டியது அதைவிட மோசம்.

4 செப்டம்பர், காலை 6.20

நேற்று எழுதியதில் கோபம்தான் இருந்தது, உபயோகமாக ஒன்றுமில்லை. உங்கள் அண்ணனிடம் ‘உரிமை’ என்று ஆரம்பித்தால் சண்டைதான் வரும். அதைவிட, “வாய்ப்புண்” என்ற சொல் எத்தனை நாள் தாங்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.

முதலில் பல். கன்னத்துக்குக் கதிர்வீச்சு தருவதென்றால், ஆட்டம் கண்ட பல்லையும் சொத்தைப் பல்லையும் குறைந்தது இரண்டு வாரம் முன்னாலேயே பிடுங்கிக் காயம் ஆற விடுவார்கள். வாய்ப்புண்ணுக்கு எதற்கு நாலு பல்லைப் பிடுங்குகிறார்கள் என்று அம்மா கேட்பார். அடுத்து அறுவை. கட்டியைச் சுற்றி நல்ல சதையையும் சேர்த்து எடுப்பார்கள், கழுத்தில் நெறிகளை (நிணநீர் முடிச்சுகளை) எடுப்பார்கள், சில சமயம் தாடை எலும்பில் ஒரு பகுதியும் போகும், வேறு இடத்துச் சதையை வைத்துத் தைப்பார்கள். அதன்பின் முகத்துக்குப் பிளாஸ்டிக் முகமூடி வார்த்து, அதை மேசையோடு பூட்டிக் கதிர்வீச்சு. பொதுவாக 30 தடவை, வாரம் ஐந்து நாள், ஆறு வாரம். எந்தத் துறைக்குப் போகிறோம் என்பது வாசல் போர்டிலேயே எழுதியிருக்கும். வரிசையில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் “உங்களுக்கு எந்த எடத்துல?” என்று முதல் நாளே கேட்டுவிடுவார்.

இதெல்லாம் அவமானம், மனக்கஷ்டம் என்ற அளவில் நிற்கும். ஆபத்து மூன்றாவது வாரத்தில் வரும். வாய் முழுக்க வெந்து, எச்சில் விழுங்கினாலே உயிர் போகும். இது கேன்சர், இதைத் தாண்டினால் பிழைக்கலாம் என்று தெரிந்தவர் பல்லைக் கடித்துக்கொண்டு வருவார். வாய்ப்புண்ணுக்கு வைத்தியம் என்று நம்புகிறவர், “வைத்தியத்துலதானே புண்ணு அதிகமாச்சு, போதும்” என்று வீட்டிலேயே இருந்துவிடுவார். அவர் அறிந்தவரை அது சரியான முடிவுதான். தலை, கழுத்துப் புற்றில் சிகிச்சை ஒரு நாள் தள்ளிப்போனால் நோய் அடங்கும் வாய்ப்பு ஏறத்தாழ ஒரு சதவீதம் குறைகிறது. விட்ட இடைவெளியில் மிச்சமிருக்கும் செல்கள் வேகமாகப் பெருகும். பத்து நாள் கோபித்துக்கொண்டு உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று அண்ணனே பெருக்கிப் பார்க்கட்டும்.

இன்னொன்று. அம்மா வெற்றிலை புகையிலை போடுவாரா? வாய்ப்புண் என்று சொன்னால் நாலு நாள் நிறுத்துவார், ஆறியதும் பெட்டியைத் திறப்பார்.

4 செப்டம்பர், மாலை 5.10

காலையில் விட்டுப்போனது. கதிர்வீச்சோடு கீமோவும் சேர்த்தால் (நெறியைத் தாண்டிப் புற்று வெளியே கசிந்திருந்தாலோ, வெட்டிய ஓரத்தில் மிச்சம் இருந்தாலோ சேர்ப்பார்கள்) காய்ச்சல் என்பது வேறு விஷயமாகிவிடும். மருந்து ஏறிய சில வாரங்களுக்குள், கிருமியை எதிர்க்கும் வெள்ளணு தரைதட்டும். அந்த நேரத்தில் 100.4 டிகிரியைத் தாண்டினால் உடனே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும், காலைவரை காத்திருக்கக்கூடாது. தனக்குக் கீமோ ஏறுகிறது என்றே தெரியாதவர் என்ன செய்வார்? பாராசிட்டமால் போடுவார். இல்லாவிட்டால் தெருமுனை கிளினிக்கில் “ஒரு ஊசி போடுங்க” என்பார். அங்கே இருப்பவருக்கும் இவர் கீமோ நோயாளி என்று தெரியாது. இடுப்பில் ஊசி போட்டு அனுப்பிவிடுவார்.

பல்லுக்கும் இதே கதை, ஆனால் ஆயுள் முழுக்க. கதிர்வீச்சு பட்ட தாடையில் ஐந்து வருஷம் கழித்துப் பல் பிடுங்கினாலும் எலும்பு ஆறாமல் செத்துப்போகலாம். “எனக்குத் தாடையில ரேடியேஷன் குடுத்திருக்கு” என்று ஒவ்வொரு பல் டாக்டரிடமும் அம்மாவே சொல்ல வேண்டும். அண்ணன் அத்தனை வருஷமும் கூடவே போவாரா?

5 செப்டம்பர், காலை 7.00

சட்டம் பற்றி முதல் நாள் எழுதியதைத் திருத்துகிறேன். ‘மகனிடம் முதலில் சொன்னதே விதிமீறல்’ என்றது அளவுக்கு மீறிய பேச்சு.

2002ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் நன்னடத்தை விதிகளில் 2.3 என்ற பிரிவு இருக்கிறது. நோயின் தீவிரத்தைக் கூட்டியும் சொல்லாதே, குறைத்தும் சொல்லாதே என்கிறது. அதோடு, நோயாளியோ அவருடைய உறவினரோ பொறுப்புள்ள நண்பரோ, நோயாளிக்கும் குடும்பத்துக்கும் நன்மை தரும் அளவுக்கு நிலைமையை அறிந்திருப்பதை மருத்துவர் உறுதி செய்ய வேண்டும் என்கிறது. அந்த ‘ஓ’தான் வம்பு. அதைப் பிடித்துக்கொண்டு, உறவினரிடம் சொல்லிவிட்டேன், என் கடமை முடிந்தது என்று ஒரு டாக்டர் வாதாடலாம். அதே பிரிவில் ‘குறைத்துச் சொல்லாதே’ என்பதும் இருப்பதால், கார்சினோமாவை வாய்ப்புண் என்று சொல்ல அதில் இடமில்லை. வாயைத் திறக்காமல் இருப்பதும் பொய் சொல்வதும் அங்கேயே இரண்டாகப் பிரிந்துவிடுகின்றன.

“2023 விதிகளில் தெளிவாக இருக்கிறதே” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தேசிய மருத்துவ ஆணையத்தின் அந்தப் புதிய நன்னடத்தை விதிகள் 2023 ஆகஸ்டில் வெளியாகி அதே மாதம் நிறுத்தி வைக்கப்பட்டன. நடப்பில் இருப்பது 2002தான்.

சம்மதக் கையெழுத்து விஷயத்தில் இந்த ‘ஓ’ கிடையாது. சமீரா கோலி வழக்கு, உச்ச நீதிமன்றம், ஜனவரி 2008. 44 வயதுப் பெண், மயக்கத்தில் லேப்பராஸ்கோப்பி (வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும்) பரிசோதனை. உதவி டாக்டர் வெளியே வந்து தாயிடம் கையெழுத்து வாங்க, டாக்டர் கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை, விழித்ததும் அவரிடமே கேட்டிருக்கலாம். தாயின் சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். சம்மதம் என்றால் என்ன செய்யப்போகிறோம், எதற்கு, என்ன பலன், மாற்று வழி என்ன, பெரிய அபாயங்கள் என்ன, மறுத்தால் என்ன ஆகும் என்று நோயாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும். ‘மறுத்தால் என்ன ஆகும்’ என்ற வரியை நோயின் பெயர் இல்லாமல் நிரப்ப முடியாது. ஆகவே உங்கள் அம்மா விஷயத்தில் சட்டம் கடிக்கும் இடம் அறுவைக்கு முந்தைய நாள் நீட்டப்படும் அந்தப் படிவம். அண்ணன் போடும் கையெழுத்து சாட்சிக் கையெழுத்தாக மட்டும்தான் நிற்கும்.

5 செப்டம்பர், இரவு 11.30

தூக்கம் வரவில்லை, ஒரு சின்னது. ரவுண்ட்ஸில் நோயாளிக்குப் புரியக்கூடாது என்று டாக்டர்கள் வைத்திருக்கும் சங்கேதச் சொற்கள்: கேன்சருக்கு ‘மைட்டோட்டிக்’, டிபிக்கு ‘கோக்ஸ்’, தொழுநோய்க்கு ‘ஹேன்சன்ஸ்’, எச்.ஐ.வி.க்கு ‘ரெட்ரோ’. காலேஜ் படிக்கும் பேத்தி பக்கத்தில் இருந்தால் இந்தக் கோட்டை அரை நிமிஷம் தாங்கும்.

7 செப்டம்பர், மதியம் 2.15

“சரி, டாக்டரை என்ன செய்யச் சொல்வது?” என்று கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் விரிவாக.

குடும்பத்தோடு முதலில் தனியாக ஒரு பேச்சு. அரை மணி நேரம் ஒதுக்க வேண்டும், ஓ.பி. வாசலில் நின்றுகொண்டு நடக்காது. அண்ணன் “சொல்லாதீங்க” என்றால் “அது உங்க அம்மாவோட உரிமை சார்” என்று பதில் சொல்லும் டாக்டர் அந்த நிமிஷமே தோற்றுவிட்டார். “சொன்னா என்ன ஆகும்னு பயப்படுறீங்க?” என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் மூன்றில் ஒன்று வரும்: வேறொரு உறவினர் விஷயம் தெரிந்தபின் சாப்பாட்டை விட்ட கதை, அம்மாவுக்கு முன்பே இருந்த மனச்சோர்வு, அல்லது சொல்லும்போது தான் உடைந்துவிடுவோமோ என்ற மகனின் பயம். மூன்றாவதுதான் அதிகம். அதற்கு மருந்து, “நான் சொல்றேன், நீங்க பக்கத்துல கைய பிடிச்சுட்டு உக்காருங்க, போதும்” என்பது.

அடுத்த கேள்வி: “அம்மா உங்ககிட்ட என்ன கேட்டாங்க இதுவரைக்கும்?” அநேகமாக எதுவும் கேட்டிருக்கமாட்டார். கேட்காததாலேயே தெரியாது என்று வீட்டார் நினைப்பார்கள். கேட்டால் பிள்ளைகள் கலங்குவார்கள் என்று அவர் கேட்காமல் இருப்பார். இரண்டு பக்கமும் ஒரே நாடகம், பார்க்க ஆளில்லை.

பிறகு டாக்டர் இரண்டு வாக்குக் கொடுக்க வேண்டும், இரண்டையும் சேர்த்தே. “அவங்க கேக்காத எதையும் நான் திணிக்க மாட்டேன். நேரா கேட்டா பொய் சொல்ல மாட்டேன்.” முதல் வாக்கு இல்லாமல் இரண்டாவதை மட்டும் சொன்னால் குடும்பம் ஆஸ்பத்திரியை மாற்றிவிடும். இரண்டாவது இல்லாமல் முதலாவதை மட்டும் சொன்னால் அதற்குப் பெயர் உடந்தை.

அப்புறம் அம்மாவோடு. டிவி ஓடாத அறை, டாக்டர் உட்கார்ந்திருக்க வேண்டும், கைப்பேசி அணைந்திருக்க வேண்டும், ஒரு சொம்பு தண்ணீர். முதல் கேள்வி: “வாயில என்னன்னு நீங்க என்ன நெனைக்கிறீங்க?” இதற்கு வரும் பதிலில் பாதி வேலை முடிந்துவிடும். அடுத்தது அளவு கேட்பது: “ரிப்போர்ட் பத்தி எல்லாம் விவரமா சொல்லட்டுமா, சுருக்கமா போதுமா, இல்ல பையன்கிட்ட பேசிக்கட்டுமா?” சொல் என்றால் முன்னெச்சரிக்கையாக ஒரு வரி: “நாம நெனச்ச மாதிரி சாதாரணப் புண்ணு இல்லம்மா.” நிறுத்தம். பிறகுதான் அந்தச் சொல், ஒரே தடவை, தெளிவாக: “இது கேன்சர்.” ‘கட்டி’ என்று மழுப்பக்கூடாது. தமிழில் வேனல் கட்டியும் கட்டிதான். அதற்கப்புறம் டாக்டர் பேசவே கூடாது, அம்மா வாய் திறக்கும்வரை. பத்து நொடி பத்து நிமிஷமாகத் தெரியும். பெரும்பாலான டாக்டர்கள் இங்கேதான் பயந்துபோய் சிகிச்சை விவரம் கொட்ட ஆரம்பிக்கிறார்கள். அது ஒன்றும் காதில் ஏறாது. சிகிச்சை, தேதி, செலவு, காப்பீட்டு அட்டை எல்லாம் இரண்டாவது சந்திப்புக்கு.

‘கரண்ட் வைக்கிறது’ என்ற சொல்லையும் விளக்க வேண்டும். ஷாக் வைப்பார்கள் என்று நினைத்து மறுத்தவர்கள் உண்டு.

8 செப்டம்பர், காலை 9.45

“அன்னிக்கே உயிரை விட்டுடும்” என்பதை நான் தட்டிக்கழித்தது போல இருக்கிறது என்கிறார் ஒரு வாசகர். நியாயம்.

சுவீடனில் 1991 முதல் 2006 வரை அறுபது லட்சம் பேரின் பதிவேடுகளைப் பார்த்து 2012இல் வெளியான ஆய்வு இருக்கிறது. கேன்சர் என்று உறுதியான முதல் வாரத்தில் தற்கொலை, நோய் இல்லாதவர்களைவிட 12.6 மடங்கு. இதய, ரத்தநாள மரணம் 5.6 மடங்கு. ஆகவே உங்கள் சித்தப்பா காற்றில் பேசவில்லை.

ஆனால் அந்த ஆய்வு சொன்னவர்களையும் சொல்லாதவர்களையும் ஒப்பிடவில்லை. மடங்கு பெரிதாக இருந்தாலும் தலைக் கணக்கு சிறியது. அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, எப்படிச் சொல்லக்கூடாது என்பது. வெள்ளிக்கிழமை மாலை சொல்லிவிட்டு, திங்கள்வரை கூப்பிட நம்பர்கூடத் தராமல் அனுப்பக்கூடாது. போனில் சொல்லக்கூடாது. வலி தாங்க முடியாத நிலையில் சொல்லக்கூடாது, முதலில் வலியைக் குறைக்க வேண்டும். அன்று இரவு வீட்டில் ஒருவர் கூடப் படுக்க வேண்டும், பூச்சிமருந்தும் தூக்க மாத்திரையும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கக்கூடாது. இரண்டு நாளுக்குள் மறுபடி சந்திப்பு. முன்பு மனச்சோர்வோ தற்கொலை முயற்சியோ இருந்திருந்தால், மனநல மருத்துவரை முன்கூட்டியே சேர்த்துக்கொண்டு சில நாள் தள்ளிச் சொல்வது சரிதான். அது தள்ளிவைப்பது, மறைப்பது ஆகாது. அழுவார் என்பது மட்டும் காரணமாகாது. அழத்தான் செய்வார்.

11 செப்டம்பர், இரவு 8.05

“இதெல்லாம் வெள்ளைக்காரன் வழக்கம், நம் ஊரில் குடும்பம்தான் முடிவெடுக்கும்” என்கிறார் இன்னொரு வாசகர்.

வெள்ளைக்காரன் வழக்கத்துக்கு வயது அரை நூற்றாண்டுகூட ஆகவில்லை. 1961இல் சிகாகோவில் 219 டாக்டர்களைக் கேட்டதில் சுமார் 90 சதவீதம் பேர் கேன்சரை நோயாளியிடம் சொல்ல விரும்பவில்லை. 1979இல் அதே கேள்விக்கு 97 சதவீதம் பேர் சொல்வோம் என்றார்கள். இடையில் மதமோ குடும்பமோ மாறிவிடவில்லை. சிகிச்சைகள் வந்தன, நோயாளியின் ஒத்துழைப்பு தேவைப்பட்டது, நீதிமன்றங்கள் கேட்க ஆரம்பித்தன. நம் ஊரில் வாய்ப் புற்றுக்கு இன்று அதே ஒத்துழைப்பு தேவைப்படுகிறது.

இன்னொரு கணக்கு, 1995. லாஸ் ஏஞ்சலஸில் 65 வயதைத் தாண்டிய 800 பேர். பரவிய புற்று என்றால் நோயாளியிடம் சொல்ல வேண்டும் என்றவர்கள் ஐரோப்பிய வம்சாவளியினரில் 87 சதவீதம், கொரிய வம்சாவளியினரில் 47. இதைக் காட்டித்தான் ‘ஆசியர்கள் வேறு’ என்பார்கள். 47ஐத் திருப்பிப் பாருங்கள். கொரியர் என்பது மட்டும் தெரிந்தால், சொல்ல வேண்டுமா என்பதற்கு நாணயம் சுண்டிப் பார்க்கலாம். எதிரில் உட்கார்ந்திருப்பவரைக் கேட்காமல் கலாச்சாரத்தைக் கேட்டால் கிடைப்பது அவ்வளவுதான்.

16 செப்டம்பர், இரவு 7.20 | கேள்வி கேட்டவர்

டாக்டர் அம்மாவிடம் அளவுக் கேள்வியைக் கேட்டார். அண்ணன், நான் இரண்டு பேரும் இருந்தோம். “பெரிய நோவுன்னு தெரியும். பேரு வேணாம். எல்லாத்தையும் பெரியவன்கிட்ட சொல்லிடுங்க” என்றார். அண்ணன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. ஆக நான் தோற்றேனா?

16 செப்டம்பர், இரவு 10.00

யாரும் தோற்கவில்லை. அண்ணன் அம்மாவைக் கேட்காமல் எடுத்த முடிவை, இப்போது அம்மா தானே எடுத்திருக்கிறார். விளைவு ஒன்றுபோலத் தெரியும், ஆனால் இப்போது சாவி அம்மா கையில். வேண்டும்போது திறப்பார்.

டாக்டர் கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும்: தேதி, அம்மா சொன்ன வார்த்தைகள் அப்படியே தமிழில், யார் உடன் இருந்தார்கள், யாரிடம் பேச அனுமதி தந்தார். “பேரு வேணாம்” என்றால் பேரைத் தவிர மற்றவை சொல்லலாம் என்றுதான் அர்த்தம். தாடையில் எவ்வளவு போகும், ஆறு வாரம் தினமும் வர வேண்டும், வாய் வேகும், காய்ச்சல் வந்தால் உடனே கிளம்ப வேண்டும், புகையிலை இனி கூடாது, பல் டாக்டரிடம் என்ன சொல்ல வேண்டும். இவை ஒன்றுக்கும் நோயின் பெயர் அவசியமில்லை, எல்லாவற்றையும் “பெரிய நோவு” தாங்கும்.

அப்படியானால் 5ஆம் தேதி நான் எழுதியது? ‘மறுத்தால் என்ன ஆகும் என்ற வரியைப் பெயர் இல்லாமல் நிரப்ப முடியாது’ என்றேன். முடியும் போலிருக்கிறது. “இத எடுக்காம விட்டா உயிருக்கு ஆபத்தும்மா” என்பது கார்சினோமா என்ற சொல்லைவிடத் தெளிவு. திரும்பப் பெறுகிறேன். ஆனால் படிவத்தில் கையெழுத்து அம்மாவுடையதாகவே இருக்க வேண்டும். படிவத்தில் பெயர் அச்சாகியிருக்கும், அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: “இதுல பேரு இருக்கும்மா, படிக்கணுமா வேணாமான்னு நீங்க பாத்துக்குங்க.”

20 செப்டம்பர், காலை 6.50

கொஞ்சம் விலகிப் போகிறேன். கணக்கு வழக்கெல்லாம் அம்மா என்றீர்கள். நிலைமை தெரியாதவர் உயில் எழுத மாட்டார். உயிலுக்குப் பதிவு கட்டாயமில்லை, இரண்டு சாட்சிகள் கையெழுத்துக் கட்டாயம். அறுவைக்கு முன் தெளிவாகப் பேசும் நிலையில் எழுதியதைப் பின்னால் அசைப்பது கஷ்டம். மயக்கமும் வலிமருந்துமாக இருக்கும்போது எழுதினால் கோர்ட்டில் கிழிப்பார்கள். ‘சொல்லாதீங்க’ என்பவரின் உண்மைக் காரணம் அரிதாக இதுவாகவும் இருக்கும். உங்கள் அண்ணனைச் சொல்லவில்லை.

எல்.ஐ.சி. ஏஜென்ட் வந்தால் ஜாக்கிரதை. தெரியாமல் ‘நோய் எதுவும் இல்லை’ என்று அம்மா கையெழுத்துப் போட்டாலும், மூன்று வருஷத்துக்குள் நிறுவனம் பாலிசியைக் கேள்வி கேட்கலாம்.

20 செப்டம்பர், காலை 7.05

வாட்ஸ்அப். குடும்பக் குழுவில் ரிப்போர்ட் படம் போட்டிருந்தால் இன்றே அழியுங்கள். அத்தை மகன் வரைக்கும் தெரியும், அம்மாவுக்கு மட்டும் ‘பேரு வேணாம்’ என்றால் அது அம்மா கேட்டது இல்லை.

26 செப்டம்பர், இரவு 9.30

இவ்வளவும் எழுதியபின் தோன்றுவது: இந்த முடிச்சு விழுந்த நாள் ரிப்போர்ட் வந்த நாள் இல்லை, சதை எடுத்த நாள். அன்று முடிவு யாருக்கும் தெரியாது, மறைக்க ஒன்றுமே இல்லை. “முடிவு வந்தா யார்கிட்ட சொல்லணும்?” என்று அம்மாவிடம் கேட்டுச் சீட்டில் ஒரு வரி எழுதியிருந்தால், லேப் கவுண்டரில் அண்ணன் தனியாக நின்று அதைப் படித்திருக்க மாட்டார். அவருக்கும் அது கொடுமைதான். உறையைப் பிரித்த நிமிஷத்திலிருந்து அவர் அதைச் சுமந்துகொண்டு திரிகிறார்.

அந்த வாய்ப்பு உங்களுக்கு இன்னொரு தடவை இருக்கிறது. அறுவையில் எடுத்த சதை மறுபடி லேப் போகும். ஓரங்கள் சுத்தமா, எத்தனை நெறியில் இருக்கிறது, கீமோ சேர்க்க வேண்டுமா என்று அதில்தான் தெரியும். வர ஒரு வாரம், பத்து நாள் ஆகலாம். கதிர்வீச்சை அறுவை முடிந்து ஆறு வாரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும், ஆக இழுக்க நேரமில்லை. 16ஆம் தேதி சொன்னதையே அம்மா மறுபடி சொல்வார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அறுவைக்குப்பின் ஆட்கள் மாறுவார்கள். டிஸ்சார்ஜுக்கு முன்னால், மூச்சுக்காகக் கழுத்தில் வைத்த குழாயை எடுத்து, பேச்சு கொஞ்சம் தெளிந்ததும், ஒரு சிலேட்டோ நோட்டோ பக்கத்தில் வைத்துவிட்டு டாக்டரைக் கேட்கச் சொல்லுங்கள்: “இன்னொரு ரிப்போர்ட் வரப்போகுதும்மா. இந்தத் தடவையும் பெரியவர்கிட்டயா?”

பேச முடியாவிட்டால் எழுதிக் காட்டட்டும். அந்தத் தாளையும் கேஸ் ஷீட்டோடு சேர்த்துப் பின் அடித்துவிடுங்கள்.